கமிஷன் ஆர்ட்டுக்கு விலை வைக்கிறது, கிளையன்ட்டை ஹேண்டில் பண்றது: ஆரம்பத்துல இருந்து டெலிவரி வரைக்கும்

கமிஷன் ஆர்ட்னா ஒருத்தர் கேட்டு, காசு குடுத்து வரைய வைக்கற படம். இப்படி ஃப்ரீலான்ஸா படம் வரைஞ்சு குடுக்கறவங்க காசை விடுற இடம் பெரும்பாலும் விலையில இல்லங்க, அந்த விலைக்குள்ள என்ன அடங்கும் என்ன அடங்காதுன்னு சொல்லாம விட்ட இடத்துலதான். கம்மி விலைக்கு வரைஞ்சவங்ககூட தப்பிச்சிடுவாங்க, ஆனா "பார்த்துக்கலாம்"னு ஆரம்பிச்சவங்க மாட்டிக்குவாங்க. அதனால இந்த வழிகாட்டில நம்பர் போடுறது எப்படின்னு பார்ப்போம், ஆனா அதைவிட அதிகமா அந்த நம்பரைச் சுத்தி என்ன எழுதி வைக்கணும்னு பார்ப்போம்.

படி 1: உங்க ஒரு மணி நேரம் எவ்ளோன்னு கண்டுபிடிங்க

கிளையன்ட் கிட்ட மணிக்கணக்குல சார்ஜ் பண்ணணும்னு இல்ல. ஆனா உங்களுக்குள்ள இந்த நம்பர் தெரிஞ்சே ஆகணும், இல்லாட்டி எந்த ஆர்டர்ல லாபம் எதுல நஷ்டம்னே தெரியாது.

ஒரு வருஷத்துக்கு உங்களுக்கு மொத்தம் எவ்ளோ வேணும்னு எழுதுங்க. வாடகை, சாப்பாடு, கரண்ட், இன்டர்நெட், சாஃப்ட்வேர் சந்தா, வரி, கொஞ்சம் சேமிப்பு. படம் வரையற டேப்லெட்டை மறந்துடாதீங்க, நாலு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துவீங்கன்னா அதோட விலையில நாலுல ஒரு பங்கு இந்த வருஷச் செலவுதான்.

இப்ப நேரம். வருஷத்துக்கு 52 வாரம், லீவு, காய்ச்சல், ஆர்டரே வராத நாள் எல்லாம் சேர்த்து ஒரு 6 வாரத்தைக் கழிச்சா 46. வாரத்துக்கு 40 மணி நேரம் உக்காந்தாலும் அதுல பாதிக்குப் பாதி மெசேஜ் பதில், போஸ்ட் போடுறது, பில் போடுறது, ரெஃபரன்ஸ் தேடுறதுலயே போயிடும், பென்சிலைப் பிடிச்சு வரையற நேரம் 22 மணின்னு வச்சுக்கோங்க. 46-ஐ 22-ஆல பெருக்கினா 1012. ஆக வருஷத் தேவையை தோராயமா 1000-ஆல வகுத்தா வர்றதுதான் உங்க ஒரு மணி நேரத்தோட குறைஞ்சபட்ச விலை.

நிறைய பேர் 40-ஐ 52-ஆல பெருக்கி 2080-ஆல வகுக்கறாங்க. அது மாசச் சம்பளக்காரங்க கணக்கு. நமக்கு அப்படிப் போட்டா பாதி விலைதான் வரும், அப்புறம் ராப்பகலா வரைஞ்சும் ஏன் கையில காசு நிக்கலன்னு யோசிச்சிட்டு இருப்போம்.

படி 2: ஒரு படத்துக்கு உண்மையில எவ்ளோ நேரம் ஆகுது?

நினைப்புல சொல்ற நேரம் எப்பவுமே கம்மியாதான் இருக்கும், அதனால அளந்து பாருங்க. ப்ரோகிரியேட் ஆப்ல வரையறவங்களுக்கு ஈஸி, கேன்வாஸ் இன்ஃபர்மேஷனுக்குள்ள ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போனா அந்த ஃபைல்ல எவ்ளோ நேரம் வேலை பார்த்தீங்கன்னு அதுவே காட்டும். கிளிப் ஸ்டுடியோ, கிருதா, ஃபோட்டோஷாப்னா போன்ல ஒரு டைமர் ஓடவிட்டாலே போதும். ஸ்கெட்ச், லைன் ஆர்ட் (ஸ்கெட்ச் மேல இழுக்கற சுத்தமான கோடு), ஃப்ளாட் கலர் (நிழல் இல்லாத வெறும் கலர்), ஷேடிங் (நிழல்), கடைசி டச்சப்னு தனித்தனியா குறிச்சு வைங்க. இடுப்பு வரைக்கும் ஒரு கேரக்டர் ஸ்கெட்ச் ஒன்றரை மணி, லைன் ரெண்டு, ஃப்ளாட் ஒண்ணு, ஷேடிங் ரெண்டு, டச்சப் அரைன்னு வந்தா மொத்தம் 7 மணி நேரம். மணிக்கு 10-ன்னா அந்தப் படம் 70, எந்த நாட்டுக் காசாவோ இருக்கட்டும்.

இதுல சாட் பண்ற நேரத்தை மறுபடி சேர்க்க வேணாம். வாரத்துக்கு 22 மணின்னு குறைச்சப்பவே அதைக் கழிச்சாச்சு, ரெண்டு தடவை போட்டா விலை தேவையில்லாம ஏறிடும்.

படி 3: விலைப் பட்டியல்

முகம் மட்டும், இடுப்பு வரை, முழு உருவம். இந்த மூணும் போதும் ஆரம்பிக்கறதுக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஸ்கெட்ச், ஃப்ளாட் கலர், முழு ரெண்டர் (ஷேடிங், டச்சப் வரைக்கும் எல்லாம் முடிச்சது)னு மூணு ஃபினிஷ். இதுக்கு மேல பிரிச்சா ஆர்டர் குடுக்க வர்றவங்களே குழம்பி ஓடிடுவாங்க.

எக்ஸ்ட்ராக்கள்லதான் கவனம். ரெண்டாவது கேரக்டருக்கு முதல் கேரக்டர் விலையில 70–80 சதவீதம் போடுற பழக்கம் இருக்கு, ஏன்னா கேன்வாஸ், லைட்டிங், மூட் எல்லாம் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். ஆனா ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சிருக்கற மாதிரியோ சண்டை போடுற மாதிரியோ கேட்டா டிஸ்கவுண்ட் எதுவும் குடுக்காதீங்க. யார் கை யாருக்கு முன்னாடி, துணி எங்க மடங்குது, நிழல் யார் மேல விழுதுன்னு யோசிக்கறதுலயே தனியா ரெண்டு படம் வரையற நேரம் போயிடும். பேக்கிரவுண்டும் இப்படித்தான். வெறும் கலர் வாஷ் ஃப்ரீயா குடுக்கலாம், பெர்ஸ்பெக்டிவோட (கிட்ட, தூரம் தெரியற மாதிரி) ஒரு ரூம்னா அது தனிப் படத்துக்குச் சமம். கவசம், டாட்டூ, எம்ப்ராய்டரி, ரெக்கை, மெஷின் கை இதெல்லாம் 'டீடெய்ல் எக்ஸ்ட்ரா'ன்னு ஒரு வரி இருக்கட்டும், ரெஃபரன்ஸைப் பார்த்துட்டு சொல்றேன்னு.

அவசரம்னா 25-ல இருந்து 50 சதவீதம் கூட. அவசர ஆர்டருக்கு எக்ஸ்ட்ரா வாங்கினா உங்க மத்த கிளையன்ட்டோட தேதி தள்ளக் கூடாது, உங்க தூக்கத்துல இருந்துதான் எடுக்கணும், அந்தத் தூக்கத்துக்குத்தான் இந்தக் காசு.

ஃபைவர் மாதிரி ஆர்டர் பிடிச்சுக் குடுக்கற சைட் (மார்க்கெட்பிளேஸ்) வழியா விக்கறீங்கன்னா, அவங்க எடுத்துக்கற பங்கோட கணக்கை சரியா போடுங்க. ஃபைவர் உங்க வருமானத்துல 20 சதவீதம் எடுத்துக்கும். கையில 100 நிக்கணும்னு 20 சேர்த்து 120 போட்டா, 120-ல 20 சதவீதம் 24, மிச்சம் 96. 100-ஐ 0.8-ஆல வகுக்கணும், 125 போட்டாத்தான் 100 நிக்கும். சின்ன வித்தியாசம்தான், ஆனா ஒவ்வொரு ஆர்டர்லயும் போகும்.

படி 4: படத்துக்கு ஒரு விலை, பயன்பாட்டுக்கு ஒரு விலை

இங்கதான் நிறைய பேர் ஏமாறுறது. ஒருத்தர் தன் கேம் கேரக்டரை ப்ரொஃபைல் படமா வைக்கறதுக்குக் கேக்கறார், இன்னொருத்தர் அதே மாதிரி படத்தை டீ-ஷர்ட்ல அடிச்சு விக்கறதுக்குக் கேக்கறார். உழைப்பு ஒண்ணுதான், ஆனா ரெண்டாவது ஆள் அந்தப் படத்தை வச்சு சம்பாதிக்கப் போறார். ரெண்டுக்கும் ஒரே விலை போட்டா நீங்க அவரோட வியாபாரத்துக்கு முதலீடு போட்ட மாதிரி, பங்கு மட்டும் கிடையாது.

பெர்ன் ஒப்பந்தம்னு 1886-ல போட்டது ஒண்ணு இருக்கு, இன்னிக்கு 180-க்கும் மேல நாடுகள் அதுல இருக்கு. அதுப்படி படம் உருவான உடனே காப்பிரைட் வந்துடுது, எங்கயும் பதிவு பண்ணித்தான் வரணும்னு இல்ல. ஆனா அந்தக் காப்பிரைட் யாருக்குங்கறதுல நாட்டுக்கு நாடு வித்தியாசம் இருக்கு. இந்தியாவோட 1957 காப்பிரைட் சட்டத்துல 17-வது பிரிவுப்படி, காசு குடுத்து ஒரு ஓவியமோ போர்ட்ரெய்ட்டோ வரைய வச்சா, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல வரைய வச்சவர்தான் முதல் உரிமையாளர். அமெரிக்கச் சட்டத்துல 'வொர்க் மேட் ஃபார் ஹயர்'னு ஒண்ணு, அது பொருந்தினா சட்டப்படி ஆத்தரே கம்பெனிதான், நீங்க கிடையாது. ஃப்ரீலான்ஸ் வேலைக்கு அது சட்டத்துல சொல்லியிருக்கற சில வகைகளுக்கு மட்டும், அதுவும் எழுத்துல கையெழுத்து போட்டிருந்தாத்தான் பொருந்தும். ஆக கான்ட்ராக்ட்ல அந்த நாலு வார்த்தையைப் பார்த்தீங்கன்னா அப்படியே சைன் பண்ணிடாதீங்க, நிறுத்தி என்ன எழுதியிருக்குன்னு படிங்க.

எந்த நாடா இருந்தாலும் தீர்வு ஒண்ணுதான், எழுத்துல போடுங்க: "காப்பிரைட் வரைஞ்சவருக்கே, கிளையன்ட்டுக்குக் கீழ சொன்ன பயன்பாட்டுக்கு மட்டும் அனுமதி." அப்புறம் நாலு விஷயம் கேளுங்க. எங்க யூஸ் பண்ணுவீங்க, எவ்ளோ காலத்துக்கு, எத்தனை காப்பி, உங்களுக்கு மட்டுமா இல்ல நான் இதை வேற எங்கயும் விக்கலாமா. பதில் விரிய விரிய விலை ஏறணும். பர்சனல் யூஸ் அடிப்படை விலை, கமர்ஷியல்னா ரெண்டு மடங்குல ஆரம்பிச்சுப் பேசுங்க, எல்லா உரிமையும் மொத்தமா வேணும்னா அது தனிப் பேச்சு, அங்க கூச்சப்படாம பெரிய நம்பர் சொல்லுங்க, அந்தப் படத்தை வச்சு நாளைக்கு நீங்க ஒரு ஸ்டிக்கர்கூட அடிக்க முடியாது. லேயரோட (கோடு, கலர், நிழல் எல்லாம் தனித்தனி அடுக்கா) இருக்கற பிஎஸ்டி, அதாவது ஃபோட்டோஷாப் ஃபைலும் சும்மா சேர்த்துக் குடுக்கற பொருள் இல்ல. அது கைக்குப் போனா கேரக்டரோட சட்டைக் கலரை மாத்தி அவங்களே பத்து வெர்ஷன் பண்ணிக்கலாம்.

இப்ப இன்னொரு வரியும் தேவைப்படுது: படத்தை ஏஐ மாடல் பயிற்சிக்குக் குடுக்கக் கூடாது. கிளையன்ட் மதிப்பாரா மாட்டாரான்னு அப்புறம் பார்க்கலாம், வரி இருக்கட்டும்.

படி 5: விலை சொல்றதுக்கு முன்னாடி கேக்கவேண்டியது

"ஹாய், எவ்ளோ ஆகும்?"னு மட்டும் மெசேஜ் வந்தா பட்டியலை அனுப்பிட்டு கேள்விகளைத் திருப்பிக் கேளுங்க. யார் படம், ரெஃபரன்ஸ் இருக்கா, போஸ் எப்படி, எங்க யூஸ் பண்ணப் போறீங்க, எப்ப வேணும், பட்ஜெட் எவ்ளோ. பிரிண்ட் பண்ணுவீங்களான்னு கண்டிப்பா கேளுங்க. 1080-க்கு 1080 பிக்சல்ல வரைஞ்ச படத்தை 300 டிபிஐ-ல (ஒரு இஞ்ச்சுக்கு 300 புள்ளி) அடிச்சா 3.6 இஞ்ச்தான் வரும், உள்ளங்கை அளவு. ஏ4 சைஸ்ல தெளிவா வரணும்னா 2480-க்கு 3508 பிக்சல் வேணும், ஓரத்துல வெட்டுறதுக்கு 3 மில்லிமீட்டர் ப்ளீடும் விடணும். முடிஞ்ச அப்புறம் "போஸ்டர் சைஸ்ல அனுப்ப முடியுமா"ன்னு கேட்டா மறுபடி வரையறதைத் தவிர வழியில்ல.

இங்கயே ஆளையும் எடை போடலாம். "எனக்கு எந்த ஐடியாவும் இல்ல, உங்க ஸ்டைல்ல பண்ணுங்க"ன்னு சொல்றவங்கள்ல பாதி பேர் நல்ல கிளையன்ட், மீதி பேர் ஸ்கெட்ச் பார்த்த அப்புறம்தான் தங்களுக்கு என்ன பிடிக்காதுன்னு கண்டுபிடிப்பாங்க. வேற ஆர்ட்டிஸ்ட் படத்தைக் காட்டி "அச்சு அசலா இதே மாதிரி"ன்னா அவங்ககிட்டயே போகச் சொல்லுங்க. "இது பண்ணுங்க, இன்னும் நிறைய வேலை தர்றேன்"னா அந்த நிறைய வேலை வரும்போது டிஸ்கவுண்ட் குடுத்துக்கலாம், இப்ப முழு விலை.

படி 6: கொட்டேஷன் மெசேஜ்

வக்கீல் பாஷை தேவையில்ல. ஆனா எழுத்துல இருக்கணும், கால்ல பேசினாலும் முடிச்சிட்டு மெசேஜா அனுப்பிடுங்க. இந்த மாதிரி:

"வணக்கம், நாம பேசினபடி: ஒரு கேரக்டர், இடுப்பு வரை, முழு ரெண்டர், சிம்பிள் பேக்கிரவுண்ட். பர்சனல் யூஸ் மட்டும். விலை 70. ஆரம்பிக்க 35, ஃபைனல் ஃபைல் அனுப்பறதுக்கு முன்னாடி 35. ஸ்கெட்ச்ல 2 திருத்தம், கலர்ல 1 சின்ன திருத்தம் இதுல அடங்கும், அதுக்கு மேல மணிக்கு 10. அட்வான்ஸ் வந்த நாள்ல இருந்து 3 வாரத்துல டெலிவரி, உங்க பதில் லேட்டானா அந்த நாள் கூடும். ஃபைனல் ஜேபெக், பிஎன்ஜி ரெண்டும் வரும். படத்தை என் போர்ட்ஃபோலியோல போடுவேன், வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. இந்த விலை 14 நாளைக்கு. ஓகேன்னா 'சம்மதம்'னு பதில் போடுங்க."

'சம்மதம்'னு அவங்க கையாலயே டைப் பண்ண வைக்கறது முக்கியம், தம்ஸ் அப் பத்தாது. கம்பெனி ஆர்டர்னா ஒரு பக்க ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கிடுங்க.

பேரம் பேசினா விலையைக் குறைக்காதீங்க, வேலையைக் குறைங்க. "50-க்கு முடியுமா?"ன்னா "50-க்கு ஃப்ளாட் கலர் வரும்"னு சொல்லுங்க. அதே வேலையை சும்மா 50-க்கு இறக்கினா 70-ங்கறதே நீங்க வாய்க்கு வந்தபடி சொன்ன நம்பர்னு ஆயிடும்.

படி 7: அட்வான்ஸ் வராம ஸ்கெட்ச் கிடையாது

பாதி முன்னாடி, மீதி ஃபைனல் ஃபைலுக்கு முன்னாடி. சின்ன ஆர்டர்னா முழுசும் முன்னாடியே வாங்கலாம். பெரிய ப்ராஜெக்ட்னா, உதாரணத்துக்கு 20 படம் இருக்கற ஒரு குழந்தைகள் புத்தகம்னா, அட்வான்ஸ், ஸ்கெட்ச் எல்லாம் ஓகே ஆனப்ப, கலர் பாதி முடிஞ்சப்ப, கடைசியானு நாலாப் பிரிங்க. கம்பெனிகள் "படம் வெளியான அப்புறம் பேமென்ட்"னு சொல்லும், வெளியாகாமலே போற படங்களும் உண்டு, அதனால டெலிவரி தேதியை வச்சுத்தான் பேமென்ட் தேதி இருக்கணும்.

படி 8: ஸ்கெட்ச்சும் திருத்தமும்

லாபம் நஷ்டம் முடிவாகறது இந்த இடத்துலதான், அதனால இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல்ல தம்ப்நெயில் (ஐடியாவைக் காட்டற குட்டிப் படம்) ரெண்டு மூணு, ஒவ்வொண்ணும் பத்து நிமிஷ வேலை. கிளையன்ட் ஒண்ணு செலக்ட் பண்ணினதும் ஸ்கெட்ச். ஸ்கெட்ச்சை அனுப்பும்போது சும்மா "எப்படி இருக்கு?"ன்னு கேக்காதீங்க, அந்தக் கேள்விக்கு "சூப்பர் ப்ரோ"ன்னுதான் பதில் வரும், பிரச்சனை கலர் முடிஞ்ச அப்புறம் வெளிய வரும். "போஸ் ஓகேவா? முகம் பார்க்கற திசை ஓகேவா? டிரஸ், முடி, கையில இருக்கற பொருள் சரியா? இதுக்கு அப்புறம் இதையெல்லாம் மாத்தினா எக்ஸ்ட்ரா ஆகும்"னு ஒவ்வொண்ணா கேளுங்க. முகத்தைப் பத்தி ஒரு வரி, கையைப் பத்தி ஒரு வரின்னு பதில் வந்தாத்தான் அவங்க உண்மையிலயே பார்த்திருக்காங்கன்னு அர்த்தம்.

ஏன் இவ்ளோ சொல்றேன்னா, ஷேடிங் முடிஞ்ச படத்துல "தலையை மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்களேன், சின்ன சேஞ்ச்தான்"னு ஒருத்தர் கேக்கறார்னு வைங்க. நேரா பார்க்கற முகம் முக்கால் பக்கம் திரும்பினா ஒரு காது மறையும், மூக்கோட வடிவம் மாறும், தூரத்துக் கண்ணு சின்னதாகும், முடி விழுற விதம் மாறும், கழுத்துல நரம்பு தெரியும், தாடை நிழல் தோள்ல விழுற இடம் நகரும், காதுல தோடு இருந்தா அதையும் புதுசா வரையணும். கேக்கறவருக்கு இது உண்மையாவே தெரியாது, அவர் மனசுல அது போன்ல படத்தை ரொட்டேட் பண்ற மாதிரி. அதனால கோவப்படாம, "ஸ்கெட்ச்ல ஓகே ஆன போஸ் இது, இப்ப மாத்தினா முகம், முடி, நிழல் எல்லாம் மறுபடி வரணும், 3 மணி நேர வேலை, 30 எக்ஸ்ட்ரா ஆகும், பண்ணட்டுமா?"ன்னு கேளுங்க. பாதி நேரம் "அப்படியே இருக்கட்டும்"னு சொல்லிடுவாங்க. மீதி நேரம் காசு வரும்.

தப்பு உங்க பேர்ல இருந்தா, ரெஃபரன்ஸ்ல இடது கன்னத்துல மச்சம், நீங்க வலதுல வச்சிட்டீங்கன்னா, அது திருத்தக் கணக்குல வராது, ஃப்ரீயா சரி பண்ணிக் குடுத்துடணும். கிளையன்ட்டோட மனசு மாறினா மட்டும்தான் காசு.

"இன்னும் கொஞ்சம் உயிரோட்டம் வேணும்"னு சொல்றவங்களை எடுத்துக்காட்டு கேளுங்க, எந்தப் படத்துல அது இருக்குன்னு. ஒரே நேரத்துல மூணு பேர் கருத்து சொல்ற ஆர்டர்னா, யாராவது ஒருத்தர் மட்டும் எல்லாத்தையும் தொகுத்து ஒரே மெசேஜா அனுப்பணும்னு ஆரம்பத்துலயே சொல்லிடுங்க.

வழில அனுப்பற எல்லா படமும் சின்ன சைஸ்ல, வாட்டர்மார்க்கோட.

படி 9: க்யூ (வரிசையில இருக்கற ஆர்டர்கள்)

ட்ரெல்லோ மாதிரி ஒரு ஆப்போ ஒரு நோட்டோ, எதுவா இருந்தாலும் சரி. பேர், என்ன ஆர்டர், எந்தக் கட்டம், பேமென்ட் நிலைமை, கடைசியா பேசின தேதி. இவ்ளோதான். ஒரே சமயத்துல எத்தனை ஆர்டர்னு ஒரு அளவு வச்சுக்கிட்டு அது நிரம்பினதும் கமிஷனை மூடிடுங்க. டெட்லைன் சொல்லும்போது உங்க கணக்குக்கு மேல மூணுல ஒரு பங்கு சேர்த்துச் சொல்லுங்க. லேட்டாகப் போகுதுன்னு தெரிஞ்ச அன்னிக்கே மெசேஜ் போட்டுடுங்க, கிளையன்ட்டா கேட்டு அப்புறம் பதில் சொல்றது அசிங்கம்.

படி 10: டெலிவரி

மீதி காசு வந்தாச்சா பாருங்க. வெப்புக்கு எஸ்ஆர்ஜிபி கலர் ப்ரொஃபைல், பிரிண்ட்டுக்கு அச்சகத்துல எந்த ப்ரொஃபைல் கேக்கறாங்களோ அது. ஆர்ஜிபி-ல (ஸ்க்ரீன் கலர்) பளிச்சுனு இருக்கற நீலமும் பச்சையும் சிஎம்ஒய்கே-ல (பிரிண்ட் மை கலர்) மங்கித்தான் வரும், இதை முன்கூட்டியே சொல்லிடுங்க. ஃபைலை டிரைவ் லிங்க்கா குடுங்க, மெசேஜ் ஆப்ல படமா அனுப்பினா அந்த ஆப் ஃபைல் சைஸை அமுக்கித் தரத்தைக் குறைச்சிடும். ஒரிஜினல் ஃபைலை ரெண்டு இடத்துல பேக்கப் வைங்க, ஆறு மாசம் கழிச்சு "அந்த ஃபைல் இருக்கா?"ன்னு வருவாங்க.

படி 11: சிக்கல் வரும்போது

கிளையன்ட் காணாம போயிட்டார்னா ரெண்டு ரிமைண்டர், அப்புறம் "30 நாள் பதில் இல்லன்னா ஆர்டர் முடிஞ்சதா எடுத்துக்குவேன், அட்வான்ஸ் திரும்ப வராது"ன்னு ஆரம்பத்துலயே எழுதின விதியை நடைமுறைப்படுத்துங்க. ரத்துன்னா முடிஞ்ச வேலைக்கு ஏத்த மாதிரி: ஸ்கெட்ச்சுக்கு முன்னாடின்னா முழுசா திருப்பலாம், ஸ்கெட்ச் ஓகே ஆன அப்புறம்னா அட்வான்ஸ் உங்களுக்கு, கலர் ஆரம்பிச்ச அப்புறம்னா அட்வான்ஸுக்கு மேல, செஞ்ச வேலை அளவுக்குக் காசு. நீங்களா ரத்து பண்ணினா செய்யாத வேலைக்கான காசை அன்னிக்கே திருப்பிடுங்க.

பேபால்ல வாங்கினா 'ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி'ல (தெரிஞ்சவங்களுக்கு பணம் அனுப்பற வழி) வாங்காதீங்க, ஃபீஸ் மிச்சம்னு நினைச்சு நிறைய பேர் பண்றாங்க, அது வியாபாரத்துக்கு இல்ல, விதிமீறல். இன்வாய்ஸ் அனுப்பி வாங்குங்க. பணம் கட்டினவங்க 180 நாளுக்குள்ள டிஸ்ப்யூட் (காசைத் திருப்பிக் கேட்டு புகார்) போடலாம், அதனால 'சம்மதம்' மெசேஜ், ஸ்கெட்ச் ஓகே சொன்ன ஸ்க்ரீன்ஷாட், டெலிவரி லிங்க் மூணையும் ஆர்டருக்கு ஒரு ஃபோல்டர்னு போட்டு அதுவரைக்குமாவது வச்சிருங்க.

படி 12: விலை ஏத்துறது

க்யூ தொடர்ந்து நிரம்பியே இருக்கு, விலை சொன்னதும் யாரும் யோசிக்கவே மாட்டேங்கறாங்கன்னா விலை கம்மின்னு அர்த்தம். 15–20 சதவீதம் ஏத்திப் பாருங்க. ஏற்கெனவே ஒத்துக்கிட்ட ஆர்டருக்கு பழைய விலைதான். பழைய கிளையன்ட்டுக்கு ஒரு மாசம் முன்னாடி ரெண்டு வரி போதும்: "அடுத்த மாசம் முதல் தேதியில இருந்து இடுப்பு வரை படம் 70-ல இருந்து 84. அதுக்குள்ள புக் பண்ணினா பழைய விலையிலயே முடிச்சுத் தர்றேன்." காரணம் விளக்கமெல்லாம் எழுதாதீங்க. எழுதினா அதுக்கு பதில் வரும், அப்புறம் அதுக்கு நீங்க பதில் எழுதணும்.